பக்கத்துப் பாத்தியைக் கேட்கவும்

மரக்காணம் உப்பளத்தில் விளைவது உப்பு என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்கிறது. அது பாதி உண்மை. மீதிப் பாதி, முனைவர் பட்டம். தை பிறந்து பாத்திகளில் தண்ணீர் கட்டியதும் ஒரு பக்கம் உப்பு பூக்கத் தொடங்கும். இன்னொரு பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, மார்போடு ஒரு ஃபைலை அணைத்தபடி ஆராய்ச்சியாளர்கள் பூக்கத் தொடங்குவார்கள். உப்பை வாருவதற்கு அந்த அளத்தில் நூற்றைம்பது பெண்கள் உண்டு. ஆராய்ச்சியாளர்களை வாருவதற்கு ஒரே ஒருத்தி. பாஞ்சாலை.

நாற்பத்தாறு வயது, எட்டாவது வரை படிப்பு. இருபத்திரண்டு வருஷமாக உப்பு வாருகிறாள். பதினான்கு வருஷமாகக் கேள்விக்குப் பதில் சொல்கிறாள். இரண்டில் எது சிரமம் என்றால் இரண்டாவதுதான் என்பாள். உப்பு திரும்பத் திரும்ப வயசு கேட்பதில்லை.

முதலில் வந்தவர் கண் கூச்சத்தை ஆராய்ந்தார். அடுத்தவர் பாத வெடிப்பை. பிறகு செல்போன் உபயோகம், சுயஉதவிக் குழு, தூக்கம் என்று வரிசையாக வந்தார்கள். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் காலையில் பூநாரையையும் மத்தியானம் இவர்களையும் ஒரே நோட்டில் எழுதிக்கொண்டு போனார். ஆளுக்கொரு பேனா கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். பாஞ்சாலை வீட்டில் பேனா மட்டும் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. அதில் எழுதுகிற பேனா இரண்டு.

இதுவரை பதினோரு பேர். பதினோரு பேரும் டாக்டர் ஆகிவிட்டார்கள். பிரசவத்துக்கு நர்சம்மாவிடம் கைராசி பார்ப்பது போல ஆராய்ச்சிக்குப் பாஞ்சாலையின் கைராசி பார்க்கும் வழக்கம் சுற்று வட்டாரக் கல்லூரிகளில் பரவியது. அவளுக்கும் அதில் ஒரு கர்வம் வந்தது. பதினோரு மணிக்கு வேலை முடிந்ததும் மற்றவர்கள் வீட்டுக்கு ஓட, அவள் மூட்டை தைக்கும் கீற்றுக் கொட்டகையில், ஆராய்ச்சியாளர் போட்ட நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, “கேளுங்க” என்பாள். மாவட்ட ஆட்சியர் மனுநீதி நாளில் உட்காருவது கூட அவ்வளவு கம்பீரமாக இருக்காது.

பன்னிரண்டாவதாக வந்தவர் தட்சணாமூர்த்தி. நாற்பத்தொன்பது வயது. கிளியனூர் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் நூலகர். வேலை பார்த்துக்கொண்டே பட்டத்துக்குப் பதிவு செய்து ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. ஜூலை முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. இனி நீட்டிப்பு கிடையாது. தலைப்பைச் சொல்வதற்கே அவர் இரண்டு முறை மூச்சு வாங்கினார்: ‘வணிக மேலாண்மையில் தகவல் சேவைகள் வயதுவந்தோர் நல்வாழ்வின் மீது ஏற்படுத்தும் தாக்கம்: மரக்காணம் உப்பளத் தொழிலாளர்களைச் சிறப்பாகக் கொண்ட ஓர் ஆய்வு.’

“அப்படின்னா என்னா சார்?”

“நிர்வாகம் உங்களுக்கு விஷயத்த ஒழுங்கா சொல்லுதா, அவங்களுக்கு உங்க கஷ்டம் தெரியுதா, அதனால நீங்க நல்லா இருக்கீங்களான்னு பாக்கறதும்மா.”

“இவ்ளோதானே. அதுக்கு எதுக்கு சார் ஒம்போது வருஷம்?”

இதே கேள்வியைத் தட்சணாமூர்த்தியின் மனைவியும் கேட்பதுண்டு; பதில் சொல்லித்தான் அவருக்குப் பழக்கமில்லை.

நாற்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம்: முழுமையாக உடன்படுகிறேன், உடன்படுகிறேன், கருத்து இல்லை, உடன்படவில்லை, முற்றிலும் உடன்படவில்லை. பாஞ்சாலை பொறுப்பை ஏற்றாள். நான்கே நாளில் நூற்றைம்பது பேரையும் கொட்டகைக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தாள். வீடு தேடி வந்தவரிடம் ‘சரியில்லை’ என்று மூஞ்சியில் சொல்வது மரியாதையா? எல்லோரும் முதல் கட்டத்தில் டிக் போட்டார்கள். லட்சுமியம்மாள் மட்டும் ஒரு கேள்விக்கு நான்காவது கட்டத்தில் போட்டாள். பாஞ்சாலை அந்தத் தாளை வாங்கிக் கிழித்தாள்.

“உன் சலிப்பெல்லாம் வூட்டோட வச்சிக்க. பாவம், மனுஷன் வெயில்ல வந்திருக்காரு. சார், வேற தாள் குடுங்க.”

இவ்வாறாக உப்பளம் முழுவதும் முழுமையாக உடன்பட்டது.

இரண்டு வாரம் கழித்து தட்சணாமூர்த்தி மொபெட்டில் திரும்பி வந்தார். நூற்றைம்பது தாளும் ஓர் அரிசிப் பையில் இருந்தது. முகம் அந்தப் பையை விடத் தொங்கியிருந்தது.

“என்னா சார், ஸ்வீட்டு எங்க?”

“கைடு தூக்கிப் போட்டுட்டாங்கம்மா.”

அவருடைய நெறியாளர் பேராசிரியர் தெய்வநாயகி. அவர் தாள்களைப் புரட்டிவிட்டுச் சொன்னதை தட்சணாமூர்த்தி சொல் மாறாமல் ஒப்பித்தார்: “நூத்தம்பது பேரு, நாப்பது கேள்வி, ஆறாயிரம் டிக்கு. ஒண்ணு கூட ரெண்டாவது கட்டத்துல இல்ல. பதினேழாவது கேள்வி, வேலையில மகிழ்ச்சியா இருக்கேன், முழுமையாக உடன்படுகிறேன். பதினெட்டாவது, வேலையை விட்டு ஓடிடலாம்னு இருக்கு, அதுக்கும் முழுமையாக உடன்படுகிறேன். எந்த மரத்தடியில உக்காந்து நீங்களே போட்டீங்க?”

“நாங்கதான் போட்டோம்னு சொல்ல வேண்டியதுதானே.”

“சொன்னேன். சிரிச்சாங்க. இன்னும் நாப்பது நாள்தான் இருக்கு. உண்மையான தாள் கொண்டு வரலைன்னா கையெழுத்துப் போட மாட்டாங்களாம்.”

பாஞ்சாலைக்குக் கிழித்துப் போட்ட அந்த ஒரு தாள் நினைவுக்கு வந்தது. பதினோரு பேரைக் கரையேற்றிய கை, பன்னிரண்டாவது ஆளைக் கடலில் தள்ளிவிட்டது என்றால் அளத்தில் தலை காட்ட முடியுமா? ‘பாஞ்சாலை தொட்டா விளங்காது’ என்று ராசம்மாள் ஒருத்தி போதுமே, சாயங்காலத்துக்குள் மரக்காணம் பூராவும் பரப்பிவிடுவாள்.

அந்த ராசம்மாளே கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்நேரம் வந்தாள். பாஞ்சாலைக்கு அடுத்த பாத்திக்காரி. தட்சணாமூர்த்தி நம்பிக்கையின்றி அவளிடமே மறுபடி ஆரம்பித்தார்.

“உங்களுக்கு உடம்பு அசதி இருக்குதாம்மா? உண்மையைச் சொல்லுங்க.”

“எனக்கென்னா சார், ராணி மாதிரி இருக்கேன்.” ராசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அசதின்னா அதோ போறா பாருங்க லட்சுமியம்மா, அவளைச் சொல்லணும். ராத்திரில இடுப்பைப் பிடிச்சிக்கினு உக்காந்திருக்கிறாளாம். வேலை எந்தப் பக்கம்னு மேஸ்திரி வாட்ஸ்அப்ல சொல்றாரு, அவகிட்ட பட்டன் போனு. தெனம் இந்தக் கோடி வந்துட்டு அந்தக் கோடிக்குத் திரும்பி நடக்கறா. அந்த நடையே ஒரு மைல் ஆவுது. வாயத் தொறந்து கேக்க மாட்டா, ரோஷக்காரி.”

நிர்வாகம், தகவல் சேவை, நல்வாழ்வு. ஒன்பது வருஷத் தலைப்பு ஒரே மூச்சில் வந்து விழுந்தது. தட்சணாமூர்த்தியின் பேனா ஓடிய ஓட்டத்தைப் பாஞ்சாலை பார்த்தாள். பதினான்கு வருஷத்தில் எந்தப் பேனாவும் அப்படி ஓடி அவள் பார்த்ததில்லை.

“சார்,” என்றாள். “அந்த நாப்பது கேள்வியையும் திருப்பிப் போடுங்க. ‘நான்’னு இருக்கற எடத்துலெல்லாம் ‘பக்கத்துப் பாத்திக்காரி’ன்னு எழுதுங்க.”

அதற்குப் பிறகு நடந்ததை ஆராய்ச்சி என்பதா, அணை உடைப்பு என்பதா என்று தெரியவில்லை. தன்னைப் பற்றிக் கேட்டால் ராணி. பக்கத்தவளைப் பற்றிக் கேட்டால் கலைக்களஞ்சியம். ஐந்து கட்டமும் போதவில்லை, தாளின் ஓரத்திலும் முதுகிலும் எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல தட்சணாமூர்த்தி எழுதினார். ஒவ்வொருத்தியும் கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, “நான் சொன்னேன்னு போட்டுடாதீங்க சார்” என்றாள். அந்தக் குரல் நாலு பாத்தி தள்ளிக் கேட்டது. நூலகர் அல்லவா, தட்சணாமூர்த்தி எதையும் சும்மா நம்பவில்லை. ஐம்பது பேர் விஷயத்தை ஆஸ்பத்திரிச் சீட்டையும் வேலை நாள் பதிவையும் வைத்துச் சரிபார்த்தார். நாற்பத்தேழு பேருக்கு அப்படியே பொருந்தியது. மேஸ்திரியிடமும் ஒரு தாள் கொடுத்தார். தொழிலாளிகளைப் பற்றிய நாற்பது கேள்விக்கும் அவர் ‘கருத்து இல்லை’ என்று போட்டுக் கொடுத்தார். அளத்தின் தகவல் சேவை யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

எல்லாத் தாளையும் எண் வாரியாக அடுக்க உதவியவள் பாஞ்சாலை. பெயர் கிடையாது, எண் மட்டும். எண்பத்தேழாம் தாளில் அவள் கை நின்றது.

‘முட்டி வலி. ரெண்டு வருஷமா. ஒத்துக்க மாட்டா. கூடைய எறக்கறப்ப பல்லக் கடிச்சிக்கும். நம்மள ஒக்கார விடாது, தானும் ஒக்காராது. ஆராச்சிக்காரங்க வந்தா மட்டும்தான் ஒக்காரும். அதுக்காகவே அவங்க அடிக்கடி வரணும்.’

கோணல் மாணலான அந்த எழுத்து யாருடையது என்று அவளுக்கு எண் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஊரில் உள்ள அத்தனை பேரையும் பக்கத்துப் பாத்தி ஆக்கியவளுக்கு, தானும் ஒருத்திக்குப் பக்கத்துப் பாத்தி என்பது மட்டும் தோன்றாமல் போயிற்று.

“சார், இது ஒண்ணு பொய்யி. எடுத்துடலாம்.”

தட்சணாமூர்த்தி தாளையும் பார்த்தார், அவள் முட்டியையும் பார்த்தார். “எடுத்தா நூத்தி நாப்பத்தொம்போதுதாம்மா வரும். கைடு மறுபடி சந்தேகப்படுவாங்க.”

கிழித்துப் பழகிய கை அந்தத் தாள் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதை எண்பத்தாறுக்கும் எண்பத்தெட்டுக்கும் நடுவில் செருகியது.

மூன்று நாள் அவள் ராசம்மாளோடு பேசவில்லை. நாலாம் நாள் பாஞ்சாலையின் பாத்தி வரப்பில் ஒரு பழைய பெயின்ட் பக்கெட் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. யார் வைத்தது என்று அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அதைச் சுற்றி வந்து வேலை பார்த்தாள். எட்டரை மணி வாக்கில் உட்கார்ந்தாள்.

“பக்கெட்டு ஒடைஞ்சிடப் போவுது,” என்றாள் ராசம்மாள், தலை நிமிராமல்.

“ஒடைஞ்சா வேற கொண்டா. கொண்டாந்தவளுக்கு வழி தெரியாதா?”

ஆய்வேடு ஜூலை முப்பதாம் தேதி போய்ச் சேர்ந்தது. பல்கலைக்கழகம் அதைப் படித்து முடிக்க மறு வருஷம் ஐப்பசி ஆயிற்று. மழை விழுந்து அளம் மூடியிருந்த சமயம். வாய்மொழித் தேர்வுக்குப் பொதுமக்கள் யாரும் வரலாம் என்று அழைப்பிதழில் ஒரு வரி உண்டு. அதை நம்பி யாரும் வந்ததாகச் சரித்திரம் இல்லை. இந்த முறை ஒரு வேனில் பதினெட்டு பொதுமக்கள் வந்து இறங்கி, முன்வரிசை நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்டிப்பானவர் என்று பெயர். நாலு வருஷம் முன் வேறு பல்கலைக்கழகத்துக்கு டீனாகப் போகும் வரை, தெய்வநாயகியும் அவரும் இருபது வருஷம் ஒரே துறையில் அடுத்தடுத்த அறையில் இருந்தவர்கள். அவர் ஆய்வேட்டை மூடினார்.

“எல்லாம் சரி. ஒருத்தரோட நல்வாழ்வைப் பத்தி அவரைக் கேக்காம பக்கத்து ஆளைக் கேட்டிருக்கீங்க. இது வம்பு. வம்பை எப்படித் தரவுன்னு ஏத்துக்கறது?”

தட்சணாமூர்த்திக்கு நூற்றிருபது மேற்கோள் நூல்கள் தெரியும். தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார். பத்து வருஷ உழைப்பு அந்த டம்ளருக்குள் மூழ்கிக்கொண்டிருப்பதைப் பாஞ்சாலை பார்த்தாள். எழுந்தாள்.

“சார், பொதுமக்கள் பேசலாமா?”

அப்படி யாரும் இதுவரை கேட்டதில்லையாதலால், கூடாது என்று சொல்லும் விதி தேர்வாளருக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. “சொல்லுங்கம்மா.”

“நீங்க எப்பிடி இருக்கீங்க சார்?”

“நானா? ரொம்ப நல்லா இருக்கேன்.”

“முதக் கட்டம். எழுதிக்குங்க சார்,” என்று தட்சணாமூர்த்தியிடம் சொல்லிவிட்டு அவள் தெய்வநாயகி பக்கம் திரும்பினாள். “மேடம், நீங்கதான் பக்கத்துப் பாத்தி. சார் எப்பிடி இருக்காரு?”

தெய்வநாயகி ஒரு கணம் மேசையைப் பார்த்தார். இருபது வருஷப் பாத்தி, வரப்பு உடைந்தது.

“கழுத்து வலி. அதுக்குக் கழுத்துப் பட்டை மாட்டியிருந்தாரு, கார்லயே கழட்டி வச்சிட்டு வந்திருக்காரு. சுகர் இருக்கு, காலையிலேர்ந்து மூணு ஜாங்கிரி ஆச்சு. லீவு எடுத்து நாலு வருஷமாகுது. டீன் ஆனதிலேர்ந்து இவர் சிரிச்சு நான் பாத்ததில்ல.”

தேர்வாளரின் கை தானாகவே கழுத்தைத் தடவியது. பிறகு அவர் தோள்கள் குலுங்கின. நாலு வருஷத்துச் சிரிப்பு, கொஞ்சம் துருப்பிடித்த சத்தத்தோடு வெளியே வந்தது.

“தரவு ஏற்கப்பட்டதுன்னு எழுதிக்குங்க,” என்றார். “ஆனா மேடத்தைப் பத்தி என்னை யாரும் கேக்கலையே.”

“அது அடுத்த ஆராய்ச்சிக்கு வச்சிக்கலாம் சார்,” என்றாள் பாஞ்சாலை, உட்கார்ந்துகொண்டே.

பன்னிரண்டாவது டாக்டர் வேன் வரைக்கும் வந்து, ஆளுக்கொரு பேனா கொடுத்து வழியனுப்பினார்.

தை பிறந்தது. பாத்திகளில் தண்ணீர் கட்டினார்கள். ஆய்வேட்டின் ஒரு பிரதியை அளத்து முதலாளி மேசை மேல் தட்சணாமூர்த்தி வைத்துவிட்டு வந்திருந்தார்; அது படிக்கப்பட்டதற்கு அடையாளம் இல்லை. என்றாலும், மேஸ்திரி காலையில் வாட்ஸ்அப்பில் சொன்னதையே ஒருமுறை வாயாலும் உரக்கக் கத்த ஆரம்பித்திருந்தார். லட்சுமியம்மாளின் ஒரு மைல் மிச்சமாயிற்று. வரப்புகளில் ஏழெட்டு பெயின்ட் பக்கெட்டுகள் முளைத்திருந்தன.

பதினோரு மணிக்குக் கையில் டேப்லெட்டோடு பதின்மூன்றாவது ஆள் வந்து சேர்ந்தாள். வணக்கம் சொல்லி, திரையைத் தட்டி, “அம்மா, நீங்க எப்படி இருக்கீங்க?” என்று ஆரம்பித்தாள்.

“எனக்கென்னா, ராணி...” என்று வந்த வார்த்தையைப் பாஞ்சாலை பாதியில் நிறுத்தினாள். பக்கெட்டில் உட்கார்ந்து, முட்டியை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டாள்.

“அதோ கூடையத் தூக்கிக்கினு வர்றா பாருங்க ராசம்மா, என்னைப் பத்தி அவகிட்ட கேளும்மா. அவளைப் பத்தி நான் சொல்றேன். நீ அந்தப் பக்கெட்டை இழுத்துப் போட்டு உக்காரு. நேரமாவும்.”