சக்கரை இல்லை

எங்கள் வீட்டில் சர்க்கரை என்றால் அம்மாவின் கால்தான். முதலில் ஒரு விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம் போய், கடைசியில் அம்மாவும் போய்விட்டாள். அதற்குப் பிறகு அக்கா, நான், தம்பி என மூன்று பேர். அக்கா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. எங்கள் இருவரையும் ஆளாக்குவதிலேயே அவள் வயது ஓடிவிட்டது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எங்களுக்குக் கேட்கத் தெரிந்தது ஒரே கேள்வி: சக்கரை இருக்குதா?

எனக்கு வேறொரு வியாதி. எதையும் முழுதாகக் கேட்கமாட்டேன். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டுவது என் வேலை. வந்தவர் "அரக்குல..." என்று இழுப்பதற்குள் பச்சை பார்டரோடு நாலு சேலை அவர் முன்னால் கிடக்கும். முதலாளி மெச்சுவார். அக்காதான், "முழுசா கேட்டுட்டுப் பேசுடி" என்று தலையில் குட்டுவாள்.

அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதக்கணக்காக ரத்தம் போயிருக்கிறது. வாயைத் திறக்காமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. ரத்தம் ஏற்றிவிட்டுத்தான் ஆபரேஷன் என்றார்கள். பழைய சீட்டில் 'ஓ பாசிட்டிவ்' என்று இருந்தது. எங்கேயும் கிடைக்கிற ரத்தம்தானே என்று நிம்மதியாக இருந்தேன்.

மறுநாள் காலை, கையில் ரிப்போர்ட்டோடு இளம் டாக்டரம்மா ஒருவர் வார்டு வாசலில் என்னைப் பிடித்தார்.

"உங்க அக்காவோட ரத்த அணு மேல சர்க்கரையே இல்லம்மா. அதான் எந்த ரத்தமும்..."

"சக்கரை இல்லியா? அப்பாடா! வயித்துல பால வார்த்தீங்க டாக்டர்."

"அய்யோ, அது இல்லம்மா. கூடப்பொறந்தவங்க எத்தனை பேர்? எல்லாரையும் இன்னைக்கே வரச்சொல்லுங்க. டெஸ்ட் பண்ணணும்."

அதற்குள் பிரசவ வார்டிலிருந்து நர்ஸ் ஓடிவந்து அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சர்க்கரைக் குடும்பம் என்றால் எல்லோரையும் சோதிக்கச் சொல்வது வழக்கம்தானே. அம்மாவுக்குக் கால் எடுத்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள். தம்பி ஜரிகை வாங்க சூரத்துக்குக் கிளம்பி, அரக்கோணத்தில் ரயிலுக்கு நின்றிருந்தான். போன் போட்டேன்.

"பெரியக்காக்கு சக்கரை இல்லியாம்டா. நம்மளையும் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. நீ போய்ட்டு வந்து மெதுவா எடுத்துக்க."

"நான் வேணும்னா திரும்பி வந்துடட்டுமா சின்னக்கா?"

"நீ இங்க நின்னுக்கினு இன்னா பண்ணப்போற? ஏறுடா."

அக்காவிடமும் சொன்னேன். சிரித்தாள். "அப்ப எனக்கொரு ஜாங்கிரி வாங்கியா" என்றாள். வாங்கிக் கொடுத்தேன். பாதிக்கு மேல் தின்ன முடியவில்லை அவளால்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்து, "தம்பி வந்துட்டாரா?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும், "ஏன் டாக்டர்?" என்றேன்.

"இது வேற சர்க்கரைம்மா. ரத்த அணுவோட மேல்பக்கத்துல ஒட்டியிருக்கிறது. ஏ, பி, ஓ எல்லாமே அந்தச் சர்க்கரையோட வகைதான். ஓ-ன்னாகூட அடியில ஒண்ணு இருக்கும். உங்க அக்காவுக்கு அதுவும் இல்ல. பாம்பே குரூப்னு சொல்லுவோம். சாதாரண டெஸ்ட்ல ஓ-ன்னுதான் காட்டும். ஓ ரத்தத்தை ஏத்தினாலும் அவங்க உடம்பு அதை எதிரின்னு நினைச்சு உடைச்சுடும். கூடப்பொறந்தவங்களுக்குத்தான் இதே வகை இருக்க வாய்ப்பு அதிகம்."

கடையில் ஒவ்வொரு சேலையிலும் ஒரு சீட்டு கட்டியிருப்போம். சீட்டைப் பார்த்துத்தான் எங்கள் சரக்கா, வெளிச் சரக்கா என்று சொல்வோம். என் அக்காவின் ரத்தம் சீட்டே இல்லாத சரக்கு. சீட்டு கட்டிய எதையும் அவள் உடம்பு சேர்த்துக்கொள்ளாது.

என் ரத்தத்தைப் பார்த்தார்கள். பி. சென்னையெல்லாம் விசாரித்ததில், மறுநாள் மதியத்துக்குமேல் ஒரு பை கிடைக்கலாம் என்றார்கள். கடப்பா தாண்டியிருந்த தம்பி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பினான். அக்கா காத்திருக்கவில்லை. காலையில் போய்விட்டாள். தம்பி வந்தபோது குளிப்பாட்டி முடித்திருந்தோம்.

காரியம் முடிந்ததும் அவன் தானாகப் போய்ச் சோதித்துக்கொண்டான். ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டிவிட்டு வெளியே போய்விட்டான். பாம்பே குரூப். இப்போது முன்பின் தெரியாதவர்கள் போன் செய்தால் ரத்தம் கொடுக்க வேலூருக்கும் சென்னைக்கும் ஓடுகிறான். என்னை இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

போன வாரம் அக்காவோடு வேலை பார்த்தவள் ஒருத்தி கடைக்கு வந்தாள். மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவள், என்னைப் பார்த்ததும் கண்கலங்கினாள். அவள் பேசி முடிக்கும்வரை கையில் எடுத்த சேலையை விரிக்காமல் காத்திருந்தேன்.

"நல்லாதானமா இருந்தாங்க அக்கா. திடீர்னு இன்னா ஆச்சு? சக்கரை இருந்துச்சா?"

"இல்லமா," என்றேன். "சக்கரை இல்ல."