மீட்டர் மேல் ஒரு பிளாஸ்திரி

முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. பம்பின் கைப்பிடியை விட்டுவிட்டு ஊசியக்கா குனிவாள். முன்சக்கரத்து டயரைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்ப்பாள், கண்ணை மூடிக்கொண்டு. "இன்னும் ரெண்டு கேக்குது" என்பாள், டயரே வாய் திறந்து சொன்ன மாதிரி. இரண்டு அடி அடிப்பாள். மறுபடி அமுக்கல். "ம், போதும்." அப்புறம் பின்சக்கரம். காலை ஆறேகாலுக்கு அந்த அடுக்குமாடியின் மூன்றாம் மாடி நடையில் தினமும் இதே கூத்துதான். எதிர்வீட்டுக்காரர் அலாரம் வைப்பதையே விட்டுவிட்டார்.

இரண்டாக மடங்கும் சின்னச் சக்கரத்துச் சைக்கிள் அது. மடக்கினால் ஒரு பெட்டி அளவுதான் இருக்கும். "இத்தனூண்டு சக்கரத்துக்கு எதுக்கு இவ்வளவு காத்து?" என்று எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டுவிட்டார். சும்மா இருந்திருக்கலாம். "பெரிய சக்கரம் பள்ளத்தத் தாண்டிப் போயிடும் சார். சின்னது உள்ள இறங்கி ஏறணும். அப்ப யாருக்குத் தெம்பு ஜாஸ்தி வேணும், நீங்களே சொல்லுங்க." அவர் யோசித்து முடிப்பதற்குள் அவள் லிப்டில் கீழே போய்ச் சேர்ந்திருந்தாள்.

பம்பின் அடியில் காற்றின் அழுத்தம் காட்டும் வட்ட மீட்டர் ஒன்று உண்டு. அதன் முகத்தில் ஒரு வட்டப் பிளாஸ்திரி, ஊசி குத்திய இடத்தில் ஒட்டுவார்களே, அது. ஒட்டியது அவளேதான். பம்பை வாங்கிக் கொடுத்தவர் வீட்டுக்காரர். அவருக்கு மீட்டர் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. முள் எதைக் காட்டுகிறதோ அதுதான் அவருக்கு வேதவாக்கு. "எழுபத்தஞ்சு வந்ததும் நிறுத்திடு, அவ்வளவுதான்" என்று அவர் சொன்னதுதான் தப்பாகிவிட்டது. "என் விரலுக்குத் தெரியாதது இந்த முள்ளுக்குத் தெரியுமாக்கும்" என்று அன்றைக்கே ஒட்டிவிட்டாள். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில், எங்கே வாய் திறக்கக் கூடாது என்பது அவருக்கு அத்துப்படி.

அவள் பீற்றிக்கொள்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வீடு வீடாகப் போய் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்ப்பது அவள் தொழில். வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டு நிற்க நேரம் கிடையாது. சைக்கிளை மடக்கி ஒரு கையில் தூக்கிக்கொண்டு கட்டில் வரைக்கும் போய்விடுவாள். போய், நோயாளியின் கையை இடதுகையால் ஏந்தி, வலது ஆள்காட்டி விரலால் முழங்கை மடிப்பில் மெல்லத் தடவுவாள். "கண்ணுக்குத் தெரியற நரம்ப யாரு வேணா குத்தலாம். தெரியாததத் தேடிப் புடிக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்." அவளுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு: விரல் சொல்லாமல் ஊசி இறங்கக் கூடாது.

வேறொரு அடுக்குமாடியின் ஏழாம் மாடியில் ஒரு கணக்கு வாத்தியார் இருக்கிறார், ஓய்வு பெற்றவர். வாராவாரம் திங்கட்கிழமை அவருக்கு ரத்தம் எடுக்க வேண்டும். முடிவைப் பார்த்துத்தான் டாக்டர் அந்த வாரத்து மருந்தைக் கொடுப்பார். வைத்தியம் பார்த்துப் பார்த்தே நரம்பெல்லாம் உள்ளே போய் ஒளிந்துகொண்டுவிட்டது. முன்னால் வந்தவர்கள் நாலு இடம், ஐந்து இடம் என்று குத்தியதில் அவர் வெறுத்துப்போய், "மருந்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார். மகள் அழுது பார்த்தாள், அசையவில்லை. அப்புறம் ஊசியக்கா போனாள். ஒரே குத்து. "உனக்கு நூத்துக்கு நூறும்மா" என்றார் வாத்தியார். அன்றிலிருந்து அவள் வந்தால் மட்டும்தான் கையை நீட்டுவார்.

இப்படிப்பட்ட விரலுக்கு வந்தது வினை, இஸ்திரிப் பெட்டி ரூபத்தில். அதன் விளக்கு எரிகிறதா அணைந்ததா என்று அவள் பார்ப்பாளா? "லைட்டு சொல்றத நான் நம்பறதில்ல." ஈர விரலால் சுண்டித்தான் சூடு பார்ப்பாள். அன்றைக்குத் தங்கையோடு போனில் பேசிக்கொண்டே, விரலை நனைக்க மறந்து, வலது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பதித்தாள். இரண்டு நுனியிலும் தோல் போயிற்று. ஒன்பது நாள் விடுப்பு. அந்த இடைவெளியில் ஒரு திங்கட்கிழமை கடந்துபோனது. வேறு ஆளை அனுப்பினார்கள். வாத்தியார் போர்வைக்குள் கையை இழுத்துக்கொண்டார். அந்த வாரத்து மருந்து நின்றுபோயிற்று.

வியாழக்கிழமை வேலைக்குக் கிளம்பினாள். புதுத்தோல் வந்திருந்தது, வலி இல்லை. பம்ப் அடித்தாள். கையில் கொஞ்சம் சோர்வு; இருபத்தைந்தாவது அடியிலேயே அமுக்கிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. "இன்னைக்குச் சீக்கிரமே நெறைஞ்சிடுச்சு" என்று சந்தோஷமாகக் கிளம்பினாள். இரண்டாவது திருப்பத்தில் ஒரு கல்லில் முன்சக்கரம் மோதியது. டப்.

சைக்கிள் கடைக்காரர் ட்யூபை உருவிக் காட்டினார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. "காத்து பத்தலக்கா. அதான் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல மாட்டி நசுங்கிடுச்சு."

"யாருகிட்ட சொல்றீங்க? நான் அமுக்கிப் பாத்துட்டுதான் வந்தேன்."

"பின்னாடி டயரையும் பாருங்க. பஞ்சா இருக்கு."

வலது கட்டைவிரலால் அமுக்கினாள். கல். கடைக்காரர் அமுக்கினார்; அவர் விரல் உள்ளே இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. மெல்ல இடது கட்டைவிரலை வைத்தாள். பஞ்சு.

ஆக, டயர் பொய் சொல்லவில்லை. புதுத்தோல் தடித்துப்போய், எதைத் தொட்டாலும் கல் என்கிறது. அப்படியானால் பக்கத்து விரல்? தன் முழங்கை மடிப்பைத் தானே ஆள்காட்டி விரலால் தடவிப் பார்த்தாள். முப்பது வருடமாக எங்கே இருக்கிறது என்று தெரிந்த நரம்பு, அங்கே இல்லை. பயந்துபோனாள். கடை வாசலிலேயே நின்று லேபுக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வருகிறேன் என்றாள். "முடியலைன்னா சொல்லுங்க, லேபிள் ஒட்டற மேஜைக்கு மாத்திடறேன்" என்றார் மேலாளர், நல்ல மனசோடுதான். அந்த நல்ல மனசுதான் அவளை அதிகம் சுட்டது. மேஜைக்குப் போனால் வாத்தியார் யாரிடம் கையை நீட்டுவார்?

வீட்டுக்காரரிடம் மட்டும் உள்ளதைச் சொன்னாள். அவர் அவள் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த முப்பது வருஷமா நோயாளிங்க கையப் புடிச்சிட்டு இருந்தது எந்தக் கை?"

"இடது."

"அப்ப அதுக்கும் ஏதோ கொஞ்சம் தெரிஞ்சிருக்கும்ல?" என்றவர், பம்பை எடுத்து வந்து பிளாஸ்திரியை உரித்தார். சொல்லிக்காட்டவில்லை. ஒரு சிரிப்புகூட இல்லை.

நான்கு நாள் அந்த நடையில் பாடசாலைதான். அவள் காற்றடித்து, கண்ணை மூடி, இடது கட்டைவிரலால் அமுக்கி ஒரு எண் சொல்வாள். அவர் குனிந்து முள்ளைப் பார்ப்பார். "அறுபது." "நாப்பத்தெட்டு." காற்றை இறக்கிவிட்டு மறுபடி. "எழுபது." "அறுபத்தஞ்சு." டயர் முடிந்ததும் மனிதர்கள். வீட்டுக்காரர் கையில் பட்டையைக் கட்டி, இடது ஆள்காட்டி விரலால் தேடினாள். ஆனால் அவர் நரம்போ கயிறு கயிறாகப் புடைத்திருக்கும், குருடன்கூடக் கண்டுபிடிப்பான். அதனால் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். கொழுகொழு கை, நரம்பு எங்கே என்று அவருக்கே தெரியாது. "சும்மா தொட்டுப் பாக்கறது மட்டுந்தானே? ஊசி இல்லையே?" என்று மூன்று தரம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஞாயிறு சாயங்காலம் அந்தக் கைக்குள் ஒரு நரம்பு, அமுக்கிவிட்டால் லேசாக எம்புவது அவள் விரலுக்குத் தெரிந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் இருந்தாள். எதிர்வீட்டுக்காரர் தூங்கிவிட்டார்.

திங்கட்கிழமை, ஏழாம் மாடி. சைக்கிளைக் கட்டிலோரம் சாய்த்துவிட்டு வலது கையை விரித்துக் காட்டினாள். "சார், இந்த விரல் தீஞ்சுபோச்சு. இன்னைக்கு இடது கையால தேடறேன். விரல் சொல்லலைன்னா குத்த மாட்டேன், எழுந்து போயிடுவேன்."

வாத்தியார் அவளையே பார்த்தார். போர்வைக்குள்ளிருந்து கை மெல்ல வெளியே வந்தது. "விடை சரியா இருந்தா போதும்மா. எந்தக் கையால எழுதினா என்ன."

மடிப்பில் இல்லை. மேலே இல்லை. மகள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நிமிடம் போயிருக்கும். முன்னங்கையின் வெளிப்பக்கத்தில், யாரும் தேடாத ஓர் இடத்தில், இடது ஆள்காட்டி விரல் நின்றது. வலது கை ஊசியை எடுத்தது. ஒரே குத்து. குழாயில் சிவப்பு ஏறியது.

"எவ்வளவு சார்?" என்றாள்.

"தொண்ணூத்தொம்பது. நேரம் ஜாஸ்தி எடுத்துக்கிட்ட."

மறுநாள் காலை ஆறேகால். நாற்பது அடித்து நிமிர்ந்தாள். கண்ணை மூடி, இடது கட்டைவிரலால் அமுக்கினாள். "எழுபத்தஞ்சு."

வீட்டுக்காரர் காபித் தம்ளரோடு குனிந்து முள்ளைப் பார்த்தார். "எழுபத்தி நாலு."

"அப்ப உங்க மீட்டரப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணுங்க" என்றவள், பையிலிருந்து ஒரு வட்டப் பிளாஸ்திரியை உரித்து அதன் முகத்தில் ஒட்டி, ஓரம் எழும்பாதபடி இடது கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்தித் தேய்த்தாள்.