மிஸ் என்னும் வினைச்சொல்

கோவில்பட்டியில் ஒரு வாடகை வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு பிரெஞ்சுக்காரர்களுக்கு இணையத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். கல்லூரியில் பிரெஞ்சு படித்ததற்குக் கிடைத்த பிழைப்பு. அவர்களை அதிகம் தடுமாற வைப்பது 'மிஸ்' என்ற வினைச்சொல். பஸ்ஸைத் தவறவிட்டதைச் சரியாகவே சொல்லிவிடுவார்கள். ஒருவரைப் பிரிந்த ஏக்கத்தைச் சொல்லும்போதுதான் எல்லாம் தலைகீழாகும். பிரெஞ்சில் 'நீ எனக்குக் குறைகிறாய்' என்பதுபோலச் சொல்வார்கள், பிரிந்துபோனவர்தான் எழுவாய். மகனை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் ஒரு மாணவி, 'என் மகன் என்னை மிஸ் பண்ணுகிறான்' என்று எழுதியிருந்தார். ஏங்கியது அவர்தான்.

அதைத் திருத்திக்கொண்டிருந்த பதினொரு மணி வகுப்பில் என் போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். முடிந்ததும் பார்த்தேன். அப்பாவிடமிருந்து ஓர் அழைப்பு. அதன்பின் அம்மாவிடமிருந்து வரிசையாக.

திருப்பி அழைத்தேன்.

"அப்பா மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்கையில விழுந்துட்டாவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டு வாறோம். நீ வந்துரு" என்றாள் அம்மா.

எங்கள் ஊரான பசுவந்தனையிலிருந்து வண்டி வருமுன்பே நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். அப்பாவை வண்டியிலிருந்து இறக்கும்போதே உயிர் இல்லை. சட்டை முழுக்க மருந்து நனைந்திருந்தது. முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டாமல் அடித்திருக்கிறார்.

போனை ஏன் எடுக்கவில்லை என்று அம்மா என்னைக் கேட்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியபின் நானே கேட்டேன். "மொதல்ல அப்பா எதுக்கும்மா கூப்பிட்டாவ?"

"சும்மாதான். காலையிலயிருந்தே புள்ளையத் தேடுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. மருந்து டேங்க முதுகுல மாட்டுறதுக்கு முன்னால ஒனக்குப் போன் போட்டுப் பாத்தாவ."

பிரிந்தவரை நினைத்து ஏங்குவது எங்கள் பக்கத்துப் பேச்சில் அப்படித்தான் வரும். 'எனக்கு உன்னைத் தேடுது.' நான் தேடுவதாக அதில் இல்லை. எனக்குள் அது தானாக நடக்கிறது. இத்தனை வருடம் அந்தப் பாடத்தை நடத்தியும் எனக்கு அது தோன்றியதே இல்லை. அன்று அடுப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

என்னோடு வந்து இருக்கச் சொன்னேன். வரவில்லை. மிச்சப் பயிரை ஆள் விட்டு அறுத்தாள். இப்போது நான் பேசினால், "ஏட்டி, வேலை இல்லையா ஒனக்கு?" என்று கேட்டுவிட்டு உடனே வைத்துவிடுகிறாள். அவளாக ஒருநாளும் கூப்பிடுவதில்லை.