இரண்டு விரற்கடைத் தூரம்

எங்கள் பள்ளிக்கூடத்துத் தேசப்படப் புத்தகத்தில் குவைத் என்ற பெயர் கடலுக்குள் கிடந்தது. நாடு மிகச் சிறியது. பெயரை எழுத அதற்குள் இடம் போதவில்லை. அச்சடித்தவர்கள் பக்கத்து நீலத்தில் பெயரைப் போட்டு, மெல்லிய கோடொன்றால் கரையைத் தொட்டிருந்தார்கள். அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கையைச் சீலையில் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இதென்னடா, கடலுக்கையெல்லோ கிடக்குது? பிள்ளையைத் தீவுக்கோ அனுப்பினனாங்கள்?"

அக்கா அங்கே ஒரு வீட்டில் வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. 1990 ஆவணியில் ஈராக்கின் படைகள் அந்த நாட்டுக்குள் புகுந்தன. அந்தச் செய்தி முல்லைத்தீவுக் கரைக்கு வந்தபோது எங்கள் பக்கத்திலும் சண்டை தொடங்கி இரண்டு மாதமாயிற்று. தபால் நின்றுவிட்டது. அக்கா சொல்லச் சொல்ல வேறொரு பெண் எழுதிய கடிதம் சித்திரையில் வந்ததுதான் கடைசி.

அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. எங்கள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். பத்தாம் வகுப்போடு என்னை வலை இழுக்க விடுவதென்றுதான் பேச்சு இருந்தது. "அவன் படிக்கட்டும், நான் போறன்" என்று சொல்லி அக்கா விமானம் ஏறினார். அப்படிப் படித்த எனக்கு அப்போது பதினேழு வயது. அக்கா எங்கே நிற்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்று அம்மா கேட்டால், சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அதனால்தான் உலகச் செய்தி கேட்கத் தொடங்கினேன். அறிவை வளர்க்கும் எண்ணமெல்லாம் அப்போது கிடையாது.

றேடியோ இருந்தது சம்மாட்டியார் வீட்டில். அப்பா வேலை செய்த கரைவலை அவருடையது. பற்றறிதான் இல்லை. ஒரு பற்றறி கிடைத்தால் அதைக் கோயிலில் வைத்துக் கும்பிடலாம் என்ற காலம். எனவே சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்தி, டைனமோவின் கம்பியை றேடியோவில் கொளுவி, மிதியைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றுகிற வேலை எனக்கு. வேகம் குறைந்தால் செய்தி தேய்ந்துவிடும்.

"டேய் பள்ளிக்கூடத்தான், வடிவாச் சுத்தடா. செய்தி வாசிக்கிறவர் நித்திரையாகிறார்" என்பார் சம்மாட்டியார்.

"சுத்தத்தானே செய்யிறன்."

"கொக்காவுக்குக் கேக்கிற மாதிரிச் சுத்து."

என் அக்காவை இழுக்கும் அந்தக் கேலி அதோடு நிற்கும். ஒரு மாலைகூட அவர் வேறு அலைவரிசைக்குத் திருப்பியதில்லை. தனக்குப் பிடித்த பாட்டு நிகழ்ச்சி அதே நேரத்தில் இருந்தும், திருப்பவில்லை. இதை எனக்குச் சொன்னது அவருடைய மனைவி, பல வருடம் கழித்து.

அப்பா பக்கத்தில் குந்தியிருப்பார். அவருக்குச் செய்தியில் ஒரே ஒரு சொல்தான் வேண்டும். கப்பல். அக்கா இருந்தது கடற்கரை நாடு, கரையில் இருக்கிறவள் கடலால்தான் வருவாள், அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. தேசப்படத்தைக் காட்டினாலும் அவருடைய விரல் நீலத்தில்தான் ஓடும். நிலம் அவருக்கு வெறும் தாள்.

"இந்த வாயால வெளிக்கிட்டு, இஞ்சை திரும்பி, நேர எங்கடை பக்கம் வரலாம். காத்தும் சரி. கப்பலைப் பற்றி ஏதும் சொன்னவங்களே?"

சொன்னார்கள். போர்க்கப்பல்கள் குவிகின்றன என்று. அதை அப்பாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவதென்று தெரியாமல் மிதியை இன்னும் வேகமாகச் சுற்றினேன்.

இரண்டு மூன்று கிழமைக்குள் செய்தியில் வேறொரு இடம் வரத் தொடங்கியது. ஆசிய நாடுகளின் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் ஈராக்கைக் கடந்து யோர்தான் எல்லையில் குவிகிறார்கள், அங்கிருந்து விமானத்தில் அவரவர் நாட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள், இலங்கையரும் அவர்களில் இருக்கிறார்கள். வீட்டுக்கு ஓடிப்போய்ப் படத்தை விரித்தேன். யோர்தான் குவைத்துக்கு மேற்கே இருந்தது. கடலுக்கு முதுகைக் காட்டி, இலங்கைக்கு நேர் எதிர்ப்பக்கமாகப் போக வேண்டும்.

யோர்தான் என்றதும் அம்மாவின் முகம் மாறியது.

"ஆண்டவர் ஞானஸ்நானம் வாங்கின ஆறெல்லே அது? அப்ப தண்ணிக்குக் குறை இராது."

எல்லை முகாம்களில் குடிக்கத் தண்ணீர் போதவில்லை என்றும் அன்று சொல்லியிருந்தார்கள். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத் தூரத்தைச் சொன்னேன். குவைத்தில் ஒரு விரலையும் பக்கத்தில் இன்னொரு விரலையும் வைத்தேன், யோர்தான் வந்துவிட்டது.

"பாருங்கோ அம்மா, ரெண்டு விரற்கடைதான். நாளைக்கோ நாளையிண்டைக்கோ போய்ச் சேந்திடுவா."

ஆசியாக் கண்டம் முழுவதும் அடங்கிய பக்கம் அது. அளவுத்திட்டம் என்று அடியில் ஒரு கோடு இருந்தது. புவியியல் பாடத்தில் அதைப் படித்து, பரீட்சையில் சரியான விடையும் எழுதியவன் நான். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கோடு கண்ணில் படவில்லை.

அம்மா நாளை மறுநாளைக்குக் கணக்கு வைத்துக்கொண்டார். அது போயிற்று. ஒரு கிழமை போயிற்று. பிறகுதான் நான் அடிமட்டம் வைத்து அளந்து பெருக்கினேன். முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் போய், திரும்பி வந்து, மறுபடியும் போகிற தூரம் வந்தது. நடுவில் மண்ணிற வெறுமை, ஒரு ஊர்ப் பெயர்கூட இல்லை. அம்மா கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்பாவோ இதையெல்லாம் நம்பவே இல்லை.

"வீட்டுக்கு வாறவள் ஏன்ரா எதிர்ப்பக்கம் போவாள்? செய்தி வாசிக்கிறவனுக்கு விசர். அதைக் கேக்கிற உனக்கும் விசர்."

அந்த நாட்களில் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டால் மோட்டர்கள் ஓய்ந்து, பழைய பாய்கள் படகுகளுக்குத் திரும்பியிருந்தன. ஒரு காலை அப்பா போயிருந்த படகு வருவதைக் கரையில் நின்று பார்த்தேன். சோழகக் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசிக்கொண்டிருந்தது. படகு எங்களை விட்டு விலகி வடக்கே ஓடியது, பிறகு திரும்பித் தெற்கே ஓடியது. இப்படி மாறி மாறி ஓடித்தான் கரையைத் தொட்டது. அப்பா இறங்கியதும் கேட்டேன்.

"ஏனப்பா நேர வரேல்லை?"

"காத்து எதிர்த்து நிக்குது. நேர வரேலுமே? விலத்தி ஓடித்தான் கரை பிடிக்கலாம்." சொல்லிக்கொண்டே கயிற்றை இழுத்தவர் பாதியில் நின்று என்னைப் பார்த்தார்.

"அப்ப கொக்காவும் விலத்தி ஓடுறாள் எண்டுறாய்."

"ஓமப்பா."

அன்று மாலை அப்பா கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை. "யோர்தானைப் பற்றிச் சொன்னாச் சொல்லு" என்றுவிட்டு என்னை எழுப்பி, மிதியைத் தானே சுற்றினார். வலை இழுத்த கை. செய்தி அன்றைக்குத்தான் ஒரு சொல் விடாமல் கேட்டது.

அக்கா ஐப்பசி மழையோடு வந்தார். கொழும்பில் இறங்கி, வவுனியாவில் மூன்று நாள் காத்திருந்து, நெடுங்கேணிப் பக்கமாக ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, கடைசித் தூரத்தை நடந்து, மேற்கிலிருந்து ஊருக்குள் நுழைந்தார். நாங்கள் மூவரும் வீட்டில்தான் இருந்தோம். அம்மா எழுந்து ஓடினார். அப்பா இருந்த இடத்திலேயே இருந்தார்.

"நான் கடலைப் பாத்துக்கொண்டிருக்க நீ முதுகுப்பக்கத்தால வந்திட்டியே" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

இப்போது நான் முள்ளியவளைப் பக்கத்துப் பள்ளியொன்றில் தொண்டராசிரியன். புவியியலும் படிப்பிக்கிறேன். எந்தப் பாடத்திலும் முதலில் அளவுத்திட்டத்தைத்தான் பார்க்கச் சொல்வேன். செய்தியில் ஆயிரக்கணக்கானோர் என்ற சொல் வரும்போதெல்லாம், ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு வீட்டில் ஒருவர் அதற்குள் தன் ஒரு ஆளைத் தேடுகிறார் என்பது நினைவுக்கு வரும். அதை எனக்குக் கற்றுத்தந்தவர்கள் அக்காவும், முகம் தெரியாத அந்தச் செய்தி வாசிப்பவரும், தன் பாட்டு நிகழ்ச்சியை விட்டுத்தந்த சம்மாட்டியாரும். நன்றி என்று எவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் கரையில் அப்படிச் சொல்லும் வழக்கமும் இல்லை.

அக்கா ஊருக்கு வந்த மறுநாள், மழை விட்டதும் தலையைத் துவட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தார். "நான் போன இடங்களைக் காட்டு பாப்பம். பஸ்ஸிலை ஏத்தினாங்கள், இறக்கினாங்கள், நடந்தம். எந்த ஊரெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

படத்தை விரித்து பென்சிலால் கோடு போட்டேன். குவைத், பஸ்ரா, பக்தாத், பிறகு மேற்கே யோர்தான் வரை. ஒவ்வொரு பெயராகச் சொல்ல, அக்கா அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"நான் நடந்த இடத்துக்கெல்லாம் பேரிருக்கே!"

பிறகு எல்லைக்கு இந்தப் பக்கம் விரலை வைத்தார். கூடாரம் அங்கேதான். மூன்று பேருக்கு ஒரு போத்தல் தண்ணீர். மொழி தெரியாத ஒரு பெண் தன் போர்வையில் பாதியைக் கொடுத்தாளாம். அம்மா தண்ணீர்க் கதையைக் கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா இரண்டு விரலைச் சேர்த்துக் கோட்டின் மேல் வைத்தார். "இந்த ரெண்டு விரலுக்கையோ நான் இருவத்தொரு நாள் கிடந்தனான்?"

"உவனைக் கேள்" என்றார் அம்மா. "நாளையிண்டைக்குப் போய்ச் சேந்திடுவாய் எண்டு எனக்கு அளந்து காட்டினவன்." அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுச் சிரித்தார். அம்மாவும் சிரித்தார்.

கூடாரம் இருந்த இடத்துக்குப் படத்தில் பெயர் இல்லை. பென்சிலைக் கூராக்கி, அந்த மண்ணிறத்தில் "அக்கா" என்று எழுதினேன். அங்கே எழுத நிறைய இடம் இருந்தது.