சனிக்கிழமை சுவிட்ச் போடுகிறவன்

எலக்ட்ரிக் வேலையில் ஷாக் அடித்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். என்ன வேண்டும் என்று வாய் திறந்து சொல்லாத வாடிக்கையாளரைத்தான் தாங்க முடியாது. அப்படி ஒருவரிடம் மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் உங்களிலும் இருப்பார்கள்.

பபேடானில் என் ஃபேன் ரிப்பேர் கடைக்கு எதிரே யூதர்களின் தொழுகைக்கூடம். பார்த்துக்கொள்பவர் ஊ எலியாஸ்; 'ஊ' என்பது பர்மியப் பேச்சில் பெரியவர்களுக்குப் போடும் மரியாதை. பாக்தாதிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்களின் வாரிசு. இரண்டாம் உலக யுத்தத்தில் அவர்கள் சனத்தில் பாதி கல்கத்தாவுக்கு ஓடியது. மீதி பிறகு திசைக்கொன்றாய்ப் போனது. இவர் மட்டும் நகரவில்லை. இந்தத் தெருவிலேயே வளர்ந்ததால் நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்.

சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். சுவிட்சைத் தொடக்கூடாது. அடுத்தவரைத் தொடச் சொல்லவும் கூடாது. ஜாடையாகப் பேசலாம். புரிந்துகொள்ள வேண்டியவன் நான்தான், வேறு யார்?

முதல் ஜாடை

"நல்லா வேர்க்குது, காதர்" என்றார். "வெயில் காலம்தானே" என்றேன். "மேலே ஃபேன் இருக்கு." "ஆமா, நான் மாட்டினது." "அருமையாச் சுத்தும்." பெருமையாகச் சிரித்துவிட்டுக் கடைக்குத் திரும்பிவிட்டேன்!

மறுநாள் விளக்கிச் சொன்னார். "நீங்களே தட்டிவிட்டா ஆண்டவன் கோவிச்சுக்குவானா?" என்று கேட்டேன். "அவன் கோவிக்க மாட்டான், தம்பி. இந்தத் தெருவுல சனிக்கிழமையைக் காப்பாத்துறது நான் ஒருத்தன். நானும் விட்டா அது அனாதையாப் போயிரும்."

கரண்ட் கட்

அதற்கப்புறம் ஜாடை புரிந்தது, கரண்ட்தான் இல்லை. நம்ம ஊர்க் கதை உங்களுக்குத் தெரியாதா? நாலு சுவிட்சையும் போட்டுவிட்டு அசடு வழிய நின்றேன். விசிறிக்கொண்டே சொன்னார்: "கரண்ட் அனுப்புற இடத்துலயும் எங்காளு ஒருத்தன் இருக்கான்போல. சனிக்கிழமை தொடமாட்டேங்கிறான்."

வெளிநாட்டம்மா

தாத்தா உட்கார்ந்த பெஞ்சைத் தேடி வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஊ எலியாஸ் மூன்றாவது பெஞ்சைக் காட்டினார். அந்தம்மா அதைத் தடவித் தடவி அழுதார். விளக்கைப் போட்டது நான் என்பதால், "நீங்கள் எந்தக் குடும்பம்?" என்று என்னைக் கேட்டார். "நான் தமிழ் முஸ்லிம்" என்றேன். குழம்பிப்போனார். ஊ எலியாஸ் முந்திக்கொண்டார்: "வெள்ளிக்கிழமை அவங்க பள்ளிவாசல், சனிக்கிழமை நம்ம வேலை. மிச்ச நாள்லதான் ஃபேன் பாக்குறாரு."

கடைசி ஜாடை

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. "வேர்க்குது, காதர்" என்றார். ஃபேன் போட்டேன். "போதலை" என்றார். இன்னொன்றும் போட்டேன். "ஆஸ்பத்திரி இங்கிருந்து பக்கம்தானே?" என்றார்.

"பக்கம்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், யா அல்லா, கை நெஞ்சைப் பிடித்திருக்கிறது! அள்ளித் தூக்கி டாக்சியில் போட்டேன். போகிற வழியெல்லாம் மனுசன் போய்விடுவாரோ என்று அழுதேவிட்டேன்.

மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். சண்டை பிடித்தேன்: "உயிர் போற நேரத்துலயுமா ஜாடை?" "உயிருக்கு ஆபத்துன்னா நேராவே கேக்கலாம். எங்க சட்டம் தடுக்காது" என்றார் நிதானமாக. "பின்னே ஏன் கேக்கலை?"

"நேராச் சொன்னா நீ நூறு கேள்வி கேப்பே. ஜாடைன்னாத்தான் ஓடியாடிச் செய்யுறே."

இப்போதெல்லாம் சனிக்கிழமை அவர் சும்மா தும்மினாலும், நாலு ஃபேனையும் போட்டு, வாசலில் டாக்சியையும் நிறுத்திவிட்டுத்தான் என்ன விஷயம் என்று கேட்கிறேன்.