வெள்ளிக்கிழமைச் சத்தம்

என் அக்காவின் கணவர், அதாவது மச்சான், சவுதிக்கு வேலைக்குப் போகும்போது அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது ஒரு தடவை. அவருடைய பழைய ஜப்பான் வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது நூறு தடவை. முன்னூற்றைம்பது சிசி பைக், இரண்டு சிலிண்டர், இரண்டு சைலன்சர்.

"வெள்ளிக்கிழம ஜும்ஆ தொழுக முடிஞ்சதும் ஸ்டார்ட் பண்ணு மாப்ள. கடத்தெரு வரைக்கும் ஓட்டி, சத்தத்த ரெக்கார்டு பண்ணி அனுப்பு. பாம்பன் பாலத்துப் பக்கம் மட்டும் போயிராத. உப்புக்காத்து வண்டியத் தின்னுரும். போனேன்னு தெரிஞ்சா சாவி என் தம்பி கைக்குப் போயிரும்."

அவர் தம்பி ஒரே மாதத்தில் ஸ்டிக்கர் ஒட்டி வண்டியை நாசமாக்கிவிடுவான். அந்தப் பயத்தில் மூன்று வாரம் ஒழுங்காக இருந்தேன். நாலாவது வாரம் புத்தி கெட்டது.

குறை சொல்ல அந்த வண்டியில் நிறைய உண்டு. பெட்ரோலைக் குடிக்கும். ஊரெல்லாம் புகை விடும். பிரேக் அதற்கு மனமிருந்தால்தான் பிடிக்கும். ஆனால் மீட்டர் முள் பாதியைத் தாண்டியதும் இரண்டு சிலிண்டரும் சேர்ந்து ஒரு கத்து கத்தும் பாருங்கள், சிரிப்பு தானாக வந்துவிடும். எங்கள் பெரியபட்டினம் கடைத்தெருவில், ஆடுகளுக்கு நடுவில் முள் எங்கே பாதியைத் தாண்டும்? நேரே பாலத்துக்கு விட்டேன். சட்டைப்பையில் போன் ரெக்கார்டு ஆகிக்கொண்டிருந்தது; கடைத்தெருச் சத்தம் என்று அதையே மச்சானுக்கு அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு வாராவாரம் இதே கதைதான். வீட்டுக்கு வந்ததும் உப்புப் போகக் கழுவித் துடைத்து, குரோமுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவேன். என் தலைக்குக்கூட அவ்வளவு அக்கறையாகத் தடவியதில்லை.

இரண்டு வருடம் கழித்து மச்சான் விடுமுறையில் வந்தார். பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவியதும் சாவியைக் கேட்டார். கொடுத்தேன்.

"நீ அனுப்புற சத்தத்துல டக்கு டக்குன்னு ஒண்ணு வருசையா வருமே, பாலத்து ஜாயிண்டுல டயர் ஏறுற சத்தம்தான அது? நம்ம கடத்தெருவுல எப்ப மாப்ள பாலம் கட்டுனாங்க?"

சாவி போயே போய்விட்டது என்று நினைத்தேன்.

"எப்பலருந்து தெரியும் மச்சான்?"

"மொதத் தடவையே தெரியும்."

"அப்பறம் ஏன் வையல?"

"வஞ்சா நீ போகமாட்டியே. அங்கன ரூம்ல ஏசி சத்தத்தத் தவிர என்ன இருக்கு? வெள்ளிக்கிழமயானா அதக் காதுல வச்சுக்கிட்டுப் படுத்துருவேன். பாலம் முடிஞ்சு தீவுல எறங்குற வரைக்கும் டக்கு டக்க எண்ணிக்கிட்டே கெடப்பேன்."

அவர் சாவியை என் கையிலேயே திணித்துவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"நீயே ஓட்டு மாப்ள. இத்தன நாளு கேட்டேன், இன்னைக்குப் பாத்துக்கிட்டே வாரேன்."