இரண்டாவது பிரதி எந்த ஊரில்

ஆபீசில் அவளை எல்லோரும் ‘வட்டக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். வட்டு, அதாவது டிஸ்க், எங்கே நிரம்பி வழிந்தாலும் அவளைத் தேடி ஓடிவருவார்கள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அது ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம். லட்சக்கணக்கான பேரின் பாலிசிக் கணக்குகள் ஒரே மெயின்ஃபிரேமில் ஓடின. அந்தப் பெரிய கணினி எழுதி வைப்பதையெல்லாம் தாங்கும் டிஸ்க் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

அவள் கணவனுக்கும் அதே வேலைதான். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம். நிறுவனத்தின் இரண்டாவது மையம் அங்கே ஒரு சின்ன ஊரில் இருந்தது. இங்கே எழுதப்படுவதெல்லாம் அங்கேயும் ஒரு பிரதியாகப் போய்ச் சேரும். இங்கே ஏதாவது ஆகிவிட்டால் அங்கிருந்து வேலையைத் தொடரலாம். ஒரு வருஷம் போதும் என்று சொல்லித்தான் அவனை அனுப்பினார்கள். அனுமார் வால் மாதிரி அது நீண்டுகொண்டே போனது. மாமனாருக்குச் சிறுநீரகம் பழுது. டயாலிசிஸ் வசதி அந்த ஊரில் இல்லை. மகன் அங்கே, மருமகளும் மாமனாரும் இங்கே என்று குடும்பம் நடந்தது.

மாதத்துக்கு ஒரு முறை வருவான். வந்த புதிதில் விருந்தாளிபோல் துண்டு எங்கே இருக்கிறது என்று கேட்பான். வீட்டு மனிதனாக மாறி, மின்விசிறியின் சத்தத்தைக் குறை சொல்ல ஆரம்பிக்கும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அவன் போன பிறகு அவன் தலை வைத்திருந்த தலையணை உறையை அவள் உடனே துவைக்கப் போடமாட்டாள்.

அந்த வருஷம் பழைய பெட்டிகளுக்கு இனி உதிரி பாகம் கிடையாது என்று அவற்றைச் செய்தவர்கள் கைவிரித்துவிட்டார்கள். புதியதைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு போட்டார்கள். அவளும் அதில் இருந்தாள். கடைசியில் இரண்டு கம்பெனிகள் மிஞ்சின.

முதல் கம்பெனி சொன்ன யோசனை எல்லோருக்கும் பிடித்தது. ஆற்றுக்கு அக்கரையில் நிறுவனத்துக்கு இன்னொரு கட்டடம் உண்டு. இரண்டாவது பெட்டியை அங்கே வைத்துவிடலாம். பக்கத்திலேயே இருப்பதால் ஒவ்வொரு பதிவும் இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் விழும். ஓர் எழுத்துகூடத் தவறாது. மலைக்கு அப்பால் உள்ள மையத்தை மூடி, ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். இரண்டாவது கம்பெனியோ, பிரதி தூரத்திலேயே இருக்கட்டும் என்றது. அது சில விநாடிகள் பின்தங்கித்தான் வரும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

செய்தி மலை தாண்டிப் போக எவ்வளவு நேரமாகும்? அன்று மாலையே கணவன் போன் செய்தான். ஜன்னலோரத்து அலமாரியைக் காலி செய்ய முடியுமா, என் புத்தகங்களை வைக்க இடம் வேண்டும் என்றான். பேச்சு முடிந்ததும் அவள் முதல் வேலையாக அதைக் காலி செய்தாள். அவன் வந்தால் டிவி ரிமோட் என் கையை விட்டுப் போய்விடும் என்று மாமனார் அலுத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்கு இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டார்.

சோதனைகளில் முதல் கம்பெனியின் பெட்டி பறந்தது. மாதக் கடைசிக் கணக்கு முடிந்தபோது அவள் டீ இன்னும் ஆறியிருக்கவில்லை. பெட்டி நிற்கப்போகும் இடத்தை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று ஒரு மதியம் அக்கரைக்குப் போனாள். அறை அடித்தளத்தில் இருந்தது. மின் இணைப்புப் பலகையில் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தாள். தன் ஆபீசுக்கு மின்சாரம் தரும் அதே துணை மின்நிலையம்தான் இதற்கும். மாடிப்படி ஏறி ஜன்னல் வழியே பார்த்தாள். நடுவில் ஆறு, எதிரே கூப்பிடு தூரத்தில் அவளுடைய ஆபீஸ்.

இதைக் குழுவில் யாரும் யோசிக்கவில்லை. அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதுமில்லை. பக்கத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று என்று இரண்டு பிரதி வைத்துக்கொள்ளலாமா என்று மேலாளரிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தாள். மூன்று பெட்டி வாங்க வழியில்லை என்றுவிட்டார். அதன் பிறகு சோறு இறங்கவில்லை. இரண்டு முறை போனை எடுத்து, கணவனிடம் சொல்லாமலே வைத்தாள்.

கூட்டத்தில் அவள் முறை வந்தது.

“ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன் சார். மலைக்கு அந்தப் பக்கத்து மையத்துல இருக்கறது என் வீட்டுக்காரர். அத மூடினா எனக்குத்தான் நல்லது. அதனால நான் சொல்றத வேற யாராவது போய் ஒரு தடவ பாத்துடுங்க” என்றாள். பிறகு அக்கரையில் பார்த்ததைச் சொன்னாள். “ரெண்டு கட்டடத்துக்கும் கரண்டு ஒரே இடத்துலேருந்து வருது. ஆறும் ஒண்ணுதான். பெரிய வெள்ளம் வந்தா ரெண்டு பிரதியும் சேந்து போயிடும்.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப என்ன பண்ணலாம்ங்கறீங்க?”

“தூரத்துலயே இருக்கட்டும் சார்.”

வேறொருவர் போய்ப் பார்த்துவந்து அதையே சொன்னார். முடிவானதும் அவளே கணவனுக்குப் போன் செய்தாள்.

“நேர்ல போய்ப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“அப்ப சரிதான். நானும் இதத்தான் சொல்லியிருப்பேன்.” பிறகு சிரிக்கப் பார்த்தான். “உனக்குக் கொஞ்சம் பொய் சொல்லத் தெரிஞ்சிருக்கலாம்.”

தான் அழுவது அவனுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று அவள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

புதுப் பெட்டிகளுக்குக் கணக்குகளை மாற்றிய ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து இருவரும் போனிலேயே இருந்தார்கள். லைனில் இன்னும் நாலு பேர் இருந்ததால் வேலைப் பேச்சுதான். “வந்துடுச்சா?” என்று இவள் கேட்பாள். “வந்துடுச்சு” என்பான். நடுநடுவே அவன் தொண்டையைச் செருமுவது, நாற்காலியை நகர்த்துவது எல்லாம் காதருகில் கேட்டது. எல்லாம் நல்லபடி முடிந்து மற்றவர்கள் போனை வைத்த பிறகும், இரண்டு பேரும் பேசாமல் லைனிலேயே இருந்தார்கள்.

புதுப் பெட்டிகள் அவ்வளவாகத் தொந்தரவு கொடுப்பதில்லை. அதனால் இப்போது அவன் மாதத்தில் இரண்டு முறை வருகிறான். ஒவ்வொரு முறையும் பஸ் நிலையம் வரை அவள் கூடப் போகிறாள். பஸ் திருப்பத்தில் மறைந்ததும் நேராக வீட்டுக்கு வருவதில்லை. கடைத்தெரு வழியாகச் சுற்றி, ஒன்றும் வாங்காமல், மெதுவாக நடந்து வருகிறாள்.